முழங்காலில் ஒரு திருகாணி

உடம்பின் உறுப்புகளுள் ஒழுங்காய் உழைப்பதனை ஒருவரும் நினைப்பதில்லை. பல் நோவெடுத்த பின்னரே பல்லையும், பார்வை மங்கிய பின்னரே கண்ணையும் நினைக்கிறோம். யாமும் நாற்பத்திரண்டு ஆண்டுகள் எமது முழங்கால்கள் இரண்டையும் மறந்தே வாழ்ந்தோம். 2023ஆம் ஆண்டு பொங்கலையொட்டி நமது கல்லூரி மைதானத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடைபெற்ற சடுகுடுப் பந்தயம் அம்மறதிக்கு ஒரு முடிவு கட்டிற்று.

வயதையும் தேகத்தின் கனத்தையும் கருதாது யாமும் அன்று களத்தில் இறங்கினோம். மூச்சைப் பிடித்துப் பாடிச் சென்று, ஒருவனைத் தொட்டுவிட்ட களிப்பில் நடுக்கோட்டை நோக்கித் திரும்புங்கால், வலப்பாதம் மண்ணில் பதிந்து நிற்க, உடல் மாத்திரம் திரும்பிற்று. காய்ந்த சுள்ளி ஒடிவது போன்றதோர் ஓசை மூட்டினுள்ளே எழுந்தது. மாணவரின் ஆரவாரத்தினிடையே அதனைக் கேட்டவர் யாம் ஒருவரே. இரவுக்குள் மூட்டு வீங்கிப் பருத்தது. சில வாரங்களில் வீக்கமும் வலியும் தணிந்தனவாயினும், படியிறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் கால் எம் வசத்தில் நில்லாது மடங்கலாயிற்று.

அம்மாத இறுதியில் எமது வகுப்பு மாணவனொருவன், கல்லூரிக் கபடிக் குழுவில் பாடிச் செல்வதில் முதல்வனாய் இருந்தவன், வேறொரு களத்தில் அவ்வண்ணமே வீழ்ந்தான். எம்மிருவருக்கும் வைத்தியர் சொன்ன பெயர் ஒன்றே. நம் ஊரார் ‘ஜவ்வு கிழிந்தது’ என்று சொல்வது இதனையே. தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் மூட்டின் நடுவே பிணைத்து நிற்கும் நார்கள் இரண்டு. அவை ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதால் அவற்றிற்குச் சிலுவைப் பிணைநார்கள் என்று பெயர். அவற்றுள் முன்னிருப்பது கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், மூட்டு வரம்பு கடந்து முறுகாமலும் காப்பது. அதன் வன்மை சாமானியமானதன்று. அமெரிக்க நாட்டில் வூ என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1991இல் வெளியிட்ட பரிசோதனையில், இளவயதினரின் அந்நார் அறுவதற்குச் சராசரி 2,160 நியூட்டன், அஃதாவது ஏறக்குறைய 220 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு, வேண்டியிருந்தது. அத்தகைய நாரைத்தான் யாம் ஒரு திருப்பத்தில் அறுத்துக்கொண்டோம்.

அறுந்த நாரைத் தைத்துப் பார்க்கும் முயற்சி பழமையானது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து மேயோ ராப்சன் என்னும் ரண வைத்தியர் 1895இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலில் அதனைச் செய்தார். 1917இல் ஹே குரோவ்ஸ் என்பார் தொடையின் புறத்தேயுள்ள உறைத்தசையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அதன் வழியே புது நார் அமைக்கலானார். இக்காலத்துச் சிகிச்சையின் அடிப்படையும் அதுவே. தொடையின் பின்புறத்திலிருந்து இரண்டு தசைநாண்களை எடுத்து மடித்து, நாற்புரிக் கயிறுபோலாக்கி, இரண்டு எலும்புகளிலும் துளையிட்டு அத்துளைகளின் வழியே செலுத்துகிறார்கள். செலுத்திய கயிறு நழுவாதிருக்க வேண்டுமே, அதற்காகவே திருகாணி.

அத்திருகாணிக்குத் தலை கிடையாது. ஏறக்குறைய ஓர் அங்குல நீளமும், ஏழு முதல் ஒன்பது மில்லிமீட்டர் வரை கனமும் உடையது. அது கயிற்றைத் துளைத்துச் செல்வதன்று. கயிற்றுக்கும் துளையின் சுவருக்கும் இடையே புகுந்து, கயிற்றைச் சுவரோடு நெருக்கிப் பிடிப்பது. நமது குடியானவர் மண்வெட்டிக் காம்பு ஆடத் தொடங்கினால் காம்புக்கும் இரும்பின் வளையத்துக்கும் இடையே ஆப்பு அறைவார்களே, அவ்வாப்பின் வேலையே இதன் வேலையும். 1987இல் குரோசாகா என்னும் ஜப்பானிய வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் இறந்தோரின் முழங்கால்களில் பலவகைப் பிணிப்புகளைச் சோதித்தனர். இதற்கெனச் செய்த 9 மில்லிமீட்டர்த் திருகாணியே உறுதியில் மேம்பட்டதென அவர்கள் கண்டார்கள். அதனினும் முக்கியமான வேறொன்றையும் கண்டார்கள். புதிதாய் அமைத்த நாரில் முதற்கண் பலவீனமான இடம் நாரன்று, நார் பிணிக்கப்பட்ட இடமே என்பதே அது.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒரே வாரத்தில், சேலத்து வைத்தியசாலை ஒன்றில் யாமும் எமது மாணவனும் ரண சிகிச்சை செய்துகொண்டோம். எமக்கும் அவனுக்கும் டைட்டானியத் திருகாணிகள். அடுத்த கட்டிலில் அம்மாபேட்டையில் குழித்தறியில் வெண்பட்டு நெய்யும் நெசவாளர் ஒருவர் இருந்தார். மோட்டார் சைக்கிள் சறுக்கிக் காலை முறுக்கிக்கொண்டவர். அவருக்குப் போடப்பட்டது பாலிலாக்டிக் அமிலத்தாலான, ஆண்டுகள் சில கழிந்தபின் உடம்பிலேயே கரைந்துபோகும் திருகாணி. எது உயர்ந்தது என்று வார்டில் எங்களுக்குள் நெடிய விவாதம் நடந்தது. கரைவதே உயர்ந்ததென்று நெசவாளரும், உலோகமே உறுதியென்று யாமும் வழக்காடினோம். பிற்பாடு யாம் தேடிப் படித்ததில், இவ்விருவகையையும் ஒப்பிட்ட 12 ஆராய்ச்சிகளை, 944 பேரின் விவரங்களோடு, காக்ரேன் என்னும் அமைப்பினர் 2016இல் தொகுத்து ஆராய்ந்திருப்பது தெரிந்தது. மூட்டின் பயன்பாட்டில் இரண்டுக்கும் வேற்றுமை காணப்படவில்லை. சிகிச்சையின்போதே உடைதல் முதலான தோல்விகள் கரையும் திருகாணியில் சற்று மிகுதியாகலாம் என்றும், ஆதாரங்கள் அத்துணை வலுவுடையன அல்லவென்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வழக்கு இவ்வாறு இருவருக்கும் வெற்றியின்றி முடிந்தது.

ஓராண்டு கழித்து, 2024 ஏப்ரலில், பலனை மதிப்பிடும் நாள் வந்தது. யாமும் நெசவாளரும் வெளிநோயாளர் பெஞ்சியில் அருகருகே அமர்ந்தோம். மதிப்பீடு மூவகையாய் நடந்தது.

முதலாவது எக்ஸ்ரே படம். திருகாணி துளையின் போக்கோடு ஒத்து நிற்கிறதா, மிகச் சாய்ந்து பிடிமானம் குன்றியிருக்கிறதா, இடம் பெயர்ந்துள்ளதா, துளை அகன்றுவிட்டதா என்பனவற்றை அதில் பார்ப்பர். இரண்டாவது கைப் பரிசோதனை. முழங்காலை இருபது முப்பது பாகை மடக்கி, தொடையை ஒரு கையால் பற்றி, கணைக்காலை மற்றக் கையால் முன்னோக்கி இழுத்துப் பார்ப்பது. இது பிலடெல்பியா நகரத்து லாக்மன் என்பாரின் பெயரால் 1976 முதல் வழங்கிவருகிறது. நார் நன்றாயிருப்பின், இழுப்பின் முடிவில் கயிறு விறைத்து நிற்பது போன்றதொரு தடை கைக்குப் புலப்படும். இவ்வசைவை மில்லிமீட்டரில் அளக்கும் கருவிகளும் உண்டு. நல்ல காலுக்கும் சிகிச்சை செய்த காலுக்கும் உள்ள வேற்றுமை 3 மில்லிமீட்டரை விஞ்சாதிருப்பது நலம். மூன்றாவது வினாத்தாள். லைஷோம் என்னும் சுவீடன் நாட்டு வைத்தியர் 1982இல் அமைத்து, 1985இல் திருத்தப்பெற்றது அது. நொண்டுதலுக்கு 5, ஊன்றுகோலுக்கு 5, மூட்டு பூட்டிக்கொள்வதற்கு 15, நிலைதடுமாற்றத்துக்கு 25, வலிக்கு 25, வீக்கத்துக்கு 10, படியேறுதற்கு 10, குந்துதற்கு 5. ஆக 100 மதிப்பெண்.

எமக்குப் படமும் நன்று, கையிழுப்பும் நன்று. வினாத்தாளில் எமக்கு 95 கிடைத்தது. ‘மிகச் சிறந்தது’ என்று எழுதினார்கள். பள்ளிப்பருவத்திலும் அத்தகைய மதிப்பெண்ணை யாம் பெற்றதில்லை. குறைந்த அந்த ஐந்து எதற்குரியது? குந்துதற்குரியது. எம்மால் குந்தவே இயலவில்லை.

நண்பர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். குந்த இயலாதவன் நம் நாட்டில் எவ்வளவை இழக்கிறான்! கல்யாணப் பந்தியில் எல்லோரும் தரையில் அமர, யாம் தனி நாற்காலியில் அமர்ந்து உண்டோம். கிராமத்து உறவினர் வீட்டில் இரவு தங்குவதற்கு, அவ்வீட்டுக் கழிப்பிடத்தை நினைத்தே அஞ்சினோம். தரையில் விளையாடும் சிறு மகளுடன் உட்கார மாட்டாமல் நின்றபடியே பேசினோம். இவையனைத்தும் சேர்ந்து நூற்றில் ஐந்து! வினாத்தாளை இயற்றியவர்மீது குறை சொல்வதற்கில்லை. அவர் நாட்டில் மேசையும் நாற்காலியும் உண்டு. அவர் தம் நாட்டு முழங்கால்களைக் கருதியே எழுதினார்.

நெசவாளருக்கு 82 கிடைத்தது. ‘நடுத்தரம்’ என்று குறித்தார்கள். மாலையில் வீக்கமும், மிகுந்த உழைப்பின்போது சிறு வலியும், படியேறுகையில் சற்றுத் தடையும் இருந்தது மெய்யே. ஆயினும் அவர் நாள்தோறும் தறிக்குழியில் இறங்கி, மிதியை மிதித்து, மீண்டும் ஏறி, வீட்டைக் காப்பாற்றுகிறார். குந்தவும் ஓரளவு அவரால் இயலும். தாளில் எமக்குக் கீழ்ப்பட்டவர் வாழ்வில் எமக்கு மேற்பட்டிருந்தார். எமது 95ஐக் கேட்டு அவர் சிரித்தார். “வாத்தியாருங்களுக்கு எப்பவும் மார்க்கு கூடத்தானுங்க வரும்” என்றார்.

அப்பொழுதுதான் வைத்தியரின் உதவியாளர் எமது மாணவன் பெயரைக் கூப்பிட்டார். பதிலில்லை. மும்முறை அழைத்தபின் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதிப் பக்கத்தைத் திருப்பினார். எமக்குச் சுருக்கென்றது. வாரத்தில் ஐந்து நாளும் எமது கண்ணெதிரே இரண்டாம் வரிசையில் அமர்ந்திருப்பவன் அவன். ஒரே வாரத்தில் கத்திக்குள்ளானவர்கள் நாங்கள். இவ்வோராண்டில் அவனது காலைப்பற்றி யாம் கேட்டது எத்தனை முறை? எண்ணிப் பார்த்தோம். முதல் மாதத்தில் இரண்டு முறை. அவன் “நல்லாருக்குதுங்க சார்” என்றான், யாமும் அத்துடன் பாடத்தைத் தொடங்கிவிட்டோம். நேராய் நடப்பவன் காலில் குறை தெரிவதில்லை. குறை தெரிவது திரும்பும்போது. வகுப்பில் யார் திரும்புகிறார்கள்?

மறுநாள் தேர்வு எழுதி வெளியே வந்தவனை மரத்தடிக்கு அழைத்து வினவினோம். நெடுநேரம் தரையைப் பார்த்து நின்று, பின்பு சொன்னான். இரண்டு மாதம் பயிற்சிக்குச் சென்றான். ஒவ்வொரு முறையும் பேருந்துக் கூலி, அன்றைய பகுதிநேர வேலையின் கூலி இரண்டும் போயிற்று. மூன்றாம் மாதம் நின்றுவிட்டான். ஐந்தாம் மாதம், செப்டம்பரில், ஊர்க் கபடிப் போட்டி வந்தது. கால் வலிக்கவில்லை, வீக்கமில்லை, திருகாணியோ உலோகம். பயமென்ன என்று ஆடினான். இரண்டாவது பாட்டிலேயே பழைய ஓசை மறுபடியும் கேட்டது. வீட்டில் சொல்லவில்லை, எம்மிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் பேருந்தில் ஏறி, மல்லூரும் ஆண்டகளூர்க் கேட்டும் கடந்து, புதுச்சத்திரத்தை அடுத்த அவனது ஊரில் இறங்கினோம். 1997இல் நாமக்கல் தனி ஜில்லாவான பின்னரும் அவ்வூரார்க்குப் பெரிய வைத்தியமென்றால் சேலத்துப் பயணந்தான். சாலையின் இருமருங்கும் மரவள்ளிக் காடும் கோழிப்பண்ணைகளும். அவன் தந்தை நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்பவர். யாம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடித்ததும், அவர் மகனைக் கடியவில்லை. சற்று நேரம் பேசாதிருந்து எம்மை ஒரு கேள்வி கேட்டார்.

“புது வண்டி மொத லோடு அடிச்சுட்டு வந்தா, யூ போல்ட்ட மறுக்கா முறுக்கோணுமுங்க சார். இல்லீன்னா பட்டை தளர்ந்துக்கும். எலும்புக்குள்ள போட்டத ஆருங்க முறுக்கறது?”

இக்கேள்வியை யாம் வைத்தியரிடம் எடுத்துச் சென்றோம். உடன் மாணவனும் தந்தையும் வந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். திருகாணிகள் இரண்டும் வைத்த இடத்தில் வைத்தபடியே, இம்மியும் அசையாமல் நின்றன. படத்தை மாத்திரம் பார்த்து மதிப்பிடுவோர் ‘நற்பலன்’ என்றே எழுதுவர். ஆனால் வைத்தியர் காலைப் பற்றி இழுத்தபோது, முடிவில் இருக்க வேண்டிய அந்தத் தடை இல்லை. எம்.ஆர்.ஐ. படம் அதனை உறுதி செய்தது. திருகாணி பிடித்துக்கொண்டிருந்தது, பிடிக்கப்பட்ட நார் அறுந்திருந்தது.

தந்தையின் கேள்விக்கு வைத்தியர் பொறுமையோடு விடை கூறினார். திருகாணி நிரந்தரத் தூணன்று. எலும்பும் நாரும் ஒன்றையொன்று பற்றி வளரும்வரை காவல் நிற்பது. நாய்களில் 1993இல் செய்யப்பட்டதொரு பரிசோதனையில், முதல் எட்டு வாரங்கள் வரை இழுத்தால் நார் துளையிலிருந்தே உருவிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் அவ்வாறு வரவில்லை, எலும்பு அதனைப் பற்றிக்கொண்டது. ஆயின் அதனோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. மூட்டினுள் செல்லும் நார் முதலில் வலுவிழந்து, புது இரத்தக் குழாய்கள் புகுந்து, மெல்ல மெல்லப் புத்துயிர் பெறுகிறது. அதற்கு மாதங்கள் பல வேண்டும். வலி தணிவதோ அதற்கு வெகு முன்பே. இவ்விரண்டு காலங்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் இளைஞர்கள் விழுகிறார்கள். நார்வே, அமெரிக்க ஆராய்ச்சியாளர் 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் எழுதியதில், களத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் 51 விழுக்காடு குறைந்தது என்று கண்டிருக்கிறார்கள்.

“ஆகவே முறுக்குவது நீங்கள்தான். தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், குறித்த நாளில் வந்து காட்டுவதுமே அந்த முறுக்கு” என்று முடித்தார். தந்தை தலையசைத்தார். பட்டறைக்காரருக்கு அது விளங்கியது. நூல் பல கற்ற எமக்கு ஓராண்டு விளங்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு யாம் தெரிந்துகொண்டது இது. திருகாணியின் பலனை மதிப்பிடுவோர் படத்தையும் மில்லிமீட்டரையும் வினாத்தாளையும் பார்க்கட்டும், அவை வேண்டியனவே. ஆனால் அவற்றோடு நம் மண்ணுக்குரிய கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சம்மணமிட்டு உண்ண முடிகிறதா? குந்தி எழ முடிகிறதா? தறிக்குழியில் இறங்க முடிகிறதா? லாரியின் கூண்டில் தொற்றி ஏற முடிகிறதா? காட்டில் குனிந்து கிழங்கு பிடுங்க முடிகிறதா? இவற்றினும் முதன்மையானது, வராதவரைப் பற்றிய கேள்வி. வந்தவரை மாத்திரம் எண்ணினால் நெசவாளரும் யாமும் சேர்ந்து நூற்றுக்கு நூறு வெற்றி. வராத ஒருவனைச் சேர்த்தெண்ணினால் மூவரில் ஒருவன் தோல்வி. ‘வரவில்லை’ என்னும் அச்சொல்லின் பின்னே ஒரு பேருந்துக் கட்டணமும், ஒரு நாட்கூலியும், கேளாதிருந்த ஓர் ஆசிரியனும் இருக்கக்கூடும்.

மாணவ நண்பர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் எமது வேண்டுகோள் சிறியது. விளையாட்டில் மூட்டு வீங்கினால் எண்ணெய் தடவி மறைக்காதீர்கள். சிகிச்சை செய்துகொண்டால், வலி நின்ற நாளைக் குணமடைந்த நாளாகக் கொள்ளாதீர்கள். உங்கள் தோழன் வகுப்புக்கு வருகிறான் என்பதனாலேயே அவன் நலம் என்று முடிவு செய்யாதீர்கள். ஆசிரியராயிருப்போர் ‘நல்லாருக்குதுங்க’ என்னும் விடையோடு பாடத்தைத் தொடங்கிவிடாதீர்கள்.

எமது மாணவன் பட்டம் பெற்றுவிட்டான். மறுசிகிச்சை செய்துகொள்வதா, பயிற்சியோடு அமைந்து களத்தைத் துறப்பதா என்பதை அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. மாலைதோறும் மைதானத்தின் ஓரத்தில் அவனும் யாமும் சேர்ந்து பயிற்சி செய்கிறோம். அவன் தொடையை வலுப்படுத்துகிறான்; யாம் ஒரு தூணைப் பற்றிக்கொண்டு குந்தப் பழகுகிறோம். முக்கால் பங்கு இறங்கிவிட்டோம். அடுத்த பரிசோதனைக்கு அவன் புதுச்சத்திரத்திலிருந்து வரும் பேருந்துக்காக யாம் நிலையத்தில் காத்திருப்பதென்று பேசி வைத்திருக்கிறோம்.